சேவியர் அண்ணனின் வில் நடுங்கிய நாள்

போன கிழமை தொலைக்காட்சிக் காலை நிகழ்ச்சியொன்றில் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் போய் இறங்கினேன். கலையகக் கதவைத் திறந்ததும், குளிரூட்டியில் ஊறிய பழைய கம்பளத்தின் வாசம் முகத்தில் அடித்தது. சின்னப்பெண் ஒருத்தி ஒலிவாங்கியைச் சேலையில் குத்தியபடி சொன்னாள்: "அன்ரி, ரிலாக்ஸா பாடுங்கோ. பிழைச்சா வெட்டிப்போட்டுத் திருப்பி எடுக்கலாம்."

பயப்படக்கூட அலுப்பாக இருக்கிற வயதில் எனக்கு இந்த வசதி வந்து சேர்ந்திருக்கிறது, பாருங்கள்.

அந்தக் கம்பள வாசம்தான் என்னைப் பழைய வானொலி நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. அப்போது நான் ஓர் அலுவலகத்தில் தட்டெழுத்தாளர்; வேலை முடிந்ததும் அங்கே பாடப் போவேன். வானொலியில் மெல்லிசைப் பாட்டுகளை நேரடியாகவே ஒலிபரப்புவார்கள். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் இருமினாலும் நாடு முழுக்கக் கேட்கும். அந்த விளக்கைக் கண்டாலே என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தேன், கற்கண்டு, இஞ்சிச் சாறு எல்லாம் குடித்துப் பார்த்தேன். பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தேன். பயம் போகவில்லை, தேங்காய் மட்டும் சம்பலுக்கு உதவியது.

என்னைக் காப்பாற்றியவர் வயலின் வாசித்த சேவியர் அண்ணன். கொட்டாஞ்சேனைக்காரர், துறைமுகத்தில் கிளார்க். விளக்கு எரியச் சற்று முன், வில்லுக்குப் பிசின் பூசிக்கொண்டே கேட்பார்:

"தங்கச்சி, இன்னைக்கு வீட்ல என்ன கறி?"

"சூடை மீன் குழம்பு அண்ணை."

"புளி போட்டா, கொரக்கா போட்டா?"

பழப்புளியா, காய்ந்த கொரக்காப் புளியா என்று நான் யோசிப்பதற்குள் விளக்கு எரிந்துவிடும். அதற்குள் வாயும் இளகியிருக்கும்.

ஒருநாள் நேரமாகியும் அவரைக் காணவில்லை. அறிவிப்பாளர் பக்கத்து அறையில் எங்கள் பெயர்களை வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் கதவு திறந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வயலினை எடுத்தபடியே மெதுவாகச் சொன்னார்:

"ரோட்ல ஆமிக்காரங்க மறிச்சிட்டாங்க தங்கச்சி. பெட்டியத் தொறந்து பாத்துட்டு, வாசிச்சுக் காட்டுன்னாங்க. துவக்கு முன்னால நின்னு வாசிச்சேன். என்னத்த வாசிச்சேன்னே தெரியல."

அவரிடம் கறியைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. விளக்கு எரிந்தது. முதல் இழுப்பிலேயே வில் நடுங்கிற்று. முன்னிசை முடியட்டும் என்று காத்திராமல் நானே பாட்டை எடுத்தேன். வழக்கத்தில் பாதி வேகத்தில் பாடி, அடி முடிவில் சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தபேலாக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் வேகத்தைக் குறைத்தார். சேவியர் அண்ணனின் மணிக்கட்டைத் தவிர நான் வேறெதையும் பார்க்கவில்லை. என் பயத்தை நினைக்க அன்று எனக்கு நேரமே இருக்கவில்லை. இரண்டாம் சரணத்தில்தான் வில் நேராக ஓடத் தொடங்கியது.

விளக்கு அணைந்ததும் தயாரிப்பாளர் உள்ளே வந்தார். "இண்டைக்கு ஏன் இவ்வளவு மெதுவா, ஆறுதலாப் பாடினீங்கள்? நல்லாத்தான் இருந்தது."

கேட்டுவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார். சேவியர் அண்ணன் வயலினை மடியில் வைத்துக்கொண்டே இருந்தார். "பெட்டியில வைக்கவே பயமா இருக்கு. போற வழியில திரும்பத் தொறக்கச் சொல்லுவாங்க" என்றார். அன்று கொட்டாஞ்சேனை வரை அவரோடு பஸ்ஸில் போய் விட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

பிறகு அவர் மகளோடு கனடாவுக்குப் போனார். அங்கேயே காலமானார் என்று யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன கிழமை அந்தக் கலையகத்தில் வாத்தியக்காரர் ஒருவரும் இல்லை. காதில் ஏதோ ஒன்றைச் செருகிவிட்டார்கள். இசை முழுவதும் அதற்குள்ளிருந்து வந்தது. இரண்டாவது அடியில் மூச்சு வாங்கச் சற்றுப் பிந்தினேன். இசை எனக்காக நிற்காமல் தன்பாட்டில் போய்விட்டது.