கவிதையில் பெய்த மழை

ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு இலக்கியம் படிப்பித்த டீச்சரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எந்தக் கவிதையையும் அவர் ஒருநாளும் வாசித்துக் காட்டியதில்லை. நேரே விடையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். நாங்கள் கை கடுக்க எழுதவேண்டும். ஒரு மழைக் கவிதைக்கு அவர் சொன்ன விடை இது: காகிதக் கப்பல் குழந்தைப் பருவத்துக்கு உருவகம். வெயில் நம்பிக்கைக்குக் குறியீடு. 'நாளை வெயில் வரும்' என்ற அடி ஒவ்வொரு பந்தியின் முடிவிலும் திரும்ப வருவது நம்பிக்கையின் உறுதியைக் காட்டுகிறது. இதைச் சொல் பிசகாமல் எழுதினால் முழுப்புள்ளி.

அந்தக் கவிதையில் ஒரு பிள்ளை வாசலில் ஓடும் மழைத்தண்ணீரில் கப்பல் விடுகிறது. கப்பல் கவிழ்கிறது. நாளை வெயில் வரும் என்கிறாள் தாய். அடுத்த பந்தியிலும் மழை, இன்னொரு கப்பல். அதற்கடுத்ததிலும் மழைதான். நான் கடைசி வரிவரை தேடிப் பார்த்தேன், வெயில் வரவேயில்லை.

அப்படித் தேடியதற்குக் காரணம் எங்கள் வீடு. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒருவர் வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருந்தோம். அப்பா கனடாவில். அடுத்த வருசம் அப்பா எங்களைக் கூப்பிட்டுவிடுவார் என்று அம்மா சொல்லாத நாளில்லை. போகப்போகிறவர்களுக்கு அலுமாரி எதற்கு என்று உடுப்பெல்லாம் சூட்கேசிலேயே கிடந்தது. போகப்போகிற பிள்ளைக்குச் சிங்களம் எதற்கு என்று சிநேகிதிகள் போன ரியூசனுக்கும் என்னை விடவில்லை. கொழும்பிலேயே வளர்ந்த நான் பஸ்ஸில் இறங்குகிற இடத்தைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் முழித்தேன். எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேர் இப்படித்தான் இருந்தார்கள். யாருக்கும் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. அப்பாவோ வட்ஸ்அப்பில் வந்தால் பனியைக் காட்டுவார். விசாவைப் பற்றிக் கேட்டால் உடனே சிக்னல் போய்விடும்.

ஆகவே அன்று டீச்சர் என்னை எழுப்பி, திரும்பத் திரும்ப வரும் அந்த அடி எதைக் காட்டுகிறது என்று கேட்டபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பொய்யைக் காட்டுது டீச்சர். வாறதெண்டால் ஒருக்காச் சொன்னாக் காணும்தானே."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அம்மாவைக் கூட்டிவரும்வரை வகுப்புக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது என்று என்னை வெளியே நிறுத்திவிட்டார்.

மறுநாள் அம்மா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். நான் சொன்னதை டீச்சர் ஒரு எழுத்து விடாமல் ஒப்புவித்தார். அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை. பிள்ளை தெரியாமல் கதைத்துவிட்டாள் என்று அந்த மனுசியிடம் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

பள்ளிக்கூடத்தை விட்டு, பஸ்கள் இரையும் காலி வீதிக்கு வந்ததும், அப்பா உண்மையில் கூப்பிடுவாரா இல்லையா என்று கேட்டேவிட்டேன். அம்மா நடையை நிறுத்தாமலே சொன்னார்.

"கூப்பிடமாட்டார் எண்டு எனக்கும் தெரியும். கூப்பிடுவார் கூப்பிடுவார் எண்டு சொல்லாட்டி நான் என்னண்டு காலமை எழும்பி வேலைக்குப் போறது?"

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தெரிந்துகொண்டே ஏமாற்றினாரே என்று வீடுவரை விடுவிடென்று முன்னால் நடந்தேன். அப்பாமீது வரவேண்டிய கோபம் அத்தனையும், பக்கத்தில் இருந்த பாவத்துக்காக, அம்மாமீது விழுந்தது. கவிதையிலிருந்த தாய் தனக்காகவும்தான் அப்படிச் சொல்லியிருப்பாள் என்று அந்த டீச்சர் ஒரு வார்த்தை சொல்லித் தந்திருக்கலாம். உறுதியாம் உறுதி.

அடுத்தநாள் காலையில் அம்மா வழக்கம்போல் எழும்பி எனக்குச் சாப்பாடு கட்டித் தந்தார். அப்பா கூப்பிடுவார் என்று மட்டும் சொல்லவில்லை. பிறகும் ஒருநாளும் சொல்லவில்லை. நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.