இல்லாத போட்டியில் ஓடியவர்கள்

இந்த ஊரில் சிவப்பு விளக்கு எரிந்தால் எல்லோரும் நிற்கிறார்கள், ஓடுகிறவர்களைத் தவிர. அவர்கள் நின்ற இடத்திலேயே ஓடுகிறார்கள். வந்த புதிதில், சாலையோரம் மழையில் நனைந்தபடி முழங்காலைத் தூக்கித் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பார்த்து, உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து கையைப் பிடித்துவிட்டேன். அவர் காதிலிருந்த வாக்மேன் ஒயரைக் கழற்றி, "ஆர் யூ ஆல்ரைட், லவ்?" என்று என்னை விசாரித்தார். பச்சை விழுந்ததும் ஓடிப் போய்விட்டார். அவர் பின்னால் யாரும் சீட்டி அடிக்கவில்லை. யார் வீட்டு ஆள், எதற்கு ஓடுகிறான் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு வந்தது வியப்பு இல்லை, கோபம். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு அது புரியாமல் போகலாம். ஆனால் அந்தக் கோபத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இங்கே வந்தது தொண்ணூறுகளின் நடுவில். இங்கிலாந்தின் வடக்கே, பஞ்சாலைகள் மூடிக் கிடக்கும் ஒரு நகரம். கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை, எனக்கு ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் தட்டு கழுவும் வேலை. நூலக வாசலில் ஒருநாள் ஒரு அறிவிப்பு பார்த்தேன். இதுவரை ஓடியே பழக்கமில்லாத பெண்களுக்கு சனிக்கிழமை காலைகளில் பயிற்சி, வசந்தம் முடியும்போது எல்லோரும் சேர்ந்து டென் கே ஓட்டம். 'டென் கே' என்றால் பத்து கிலோமீட்டர். நான் அதைவிட அதிகம் ஓடியவள். ஆனால் அது எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய கதை. உடம்பு மறந்திருக்கும், புதிதாகத் தொடங்குவோம் என்று போனேன்.

பயிற்சி கொடுத்தவர் மார்கரெட், ஓய்வுபெற்ற ஆசிரியை. நல்ல மனுஷி, அதில் சந்தேகம் இல்லை. முதல் நாள் என்னைத் தனியாக ஒதுக்கிக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தி, நான் இங்கே வந்தது என் கணவருக்குத் தெரியுமா என்று கேட்டார். "எஸ், ஹீ இஸ் குக்கிங்" என்றேன். ஏதோ நகைச்சுவை என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். உண்மையாகவே என் கணவர் வீட்டில் உப்புமா கிளறிக்கொண்டிருந்தார். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற இடத்தில் வேறு மாதிரிக் கேள்வி. "அம்மாடி, வெள்ளக்காரிங்க மாதிரி டவுசர் மாட்டிக்கிட்டு நீயும் ஓடணுமா?" என்று கேட்டது கும்பகோணத்து அக்கா ஒருத்தர். இரண்டு பக்கத்துக்கும் சிரித்து வைத்தேன். கொஞ்சம் ஓடு, கொஞ்சம் நட, மறுபடி ஓடு. முதல் வாரம் விலாவில் குத்தியது. நெஞ்சு எரிந்தது. குளிர்காற்றை வாய் நிறைய விழுங்கிக்கொண்டு குனிந்து நின்றபோது, என் மூக்குக்கு வந்தது ஆற்று மணலின் வாசனையும், ஈரக் களிமண் வாசனையும்.

எண்பதுகளின் கடைசி. விருத்தாசலம் ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீடு. அப்பா, ரயிலுக்குத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். என் சிநேகிதி ஜோதி பீங்கான் யூனிட் ஒன்றில் வேலை பார்த்தாள். மின்சார ஃப்யூஸ் கட்டைகளை அச்சிலிருந்து எடுத்துப் பிசிறு சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்க வேண்டும். வேலை முடிந்து வரும்போது கண்ணிமை முடிகூட வெள்ளையாக இருக்கும், பவுடர் டப்பாவுக்குள் விழுந்து எழுந்தவள் மாதிரி. இருமினால் துப்பலும் வெள்ளைதான். அவளுக்கு அந்தத் தூசியை விட்டு வெளியே வர ஒரே ஒரு வழி தெரிந்தது. பொம்பளைப் போலீசுக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள், அதில் ஓடிக் காட்ட வேண்டும், ஏதாவது போட்டியில் ஓடிய சர்டிபிகேட் கையில் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதே நேரத்தில்தான் எங்கள் ஊர் வாலிபர் சங்கம் ஒன்று சுதந்திர தினத்துக்கு விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை வரை ஓட்டப்பந்தயம் என்று சுவரெல்லாம் எழுதிப் போட்டது. ஓடி முடிக்கிற எல்லோருக்கும் சர்டிபிகேட். "ஆண்களுக்கு மட்டும்னு எங்கயாவது எழுதியிருக்குதா, பாரு" என்றாள் ஜோதி. எழுதியிருக்கவில்லை. பெண்கள் ஓடுவார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால்தானே எழுதுவதற்கு.

மணிமுத்தாற்றில் தண்ணீர் இல்லாத காலம். விடிந்தும் விடியாமலும் மணலில் இறங்கி ஓடினோம். செருப்பில்லாத கால், தூக்கிச் சொருகிய பாவாடை, மேலே அவளுடைய அண்ணன் செந்திலின் பழைய சட்டை. மணலில் ஓடுவது சேற்றில் நடப்பது மாதிரி, ஓர் அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கும். முதல் நாள் பாலத்துக்கும் பக்கத்துக் கருவேல மரத்துக்கும் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டோம். பிறகு மரம் வரை, பிறகு மரத்தைத் தாண்டிய வளைவு வரை. மூச்சு வாங்கும்போது நடப்போம், பேச்சு வந்துவிட்டால் மறுபடி ஓடுவோம். ஆற்றோரம் ஒதுங்க வந்த ஆண்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தன் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தான். "யாரு வூட்டுக் கழுதைங்கடா இது, கட்டிப்போடாம வுட்டுட்டாங்க?" என்றான் இன்னொருத்தன். விஷயம் யூனிட்டுக்கும் போய்விட்டது. சூப்பர்வைசர் ஜோதியைக் கூப்பிட்டு, "ஓடுறதுக்குத் தெம்பு இருக்குதுல்ல? அப்ப நாளையிலேருந்து கூட ரெண்டு பலக தூக்கு" என்றார். அவள் தூக்கினாள். தூக்கிவிட்டு மறுநாள் காலையில் என்னைவிட முன்னால் வந்து மணலில் நின்றாள். மழைக்காலத்துக்கு முன்னால் ரயில் பாலத்திலிருந்து ஊருக்கு வெளியே போய்த் திரும்பி வரும் அளவுக்கு எங்கள் கால்கள் பழகியிருந்தன. என் வாழ்க்கையில் என் உடம்பு எனக்கே எனக்கு என்று இருந்த காலம் அது ஒன்றுதான்.

இங்கே, மார்கரெட்டின் கூட்டத்தில், நான் டென் கேயைத் தடுமாறாமல் ஓடுகிற நிலைக்கு வந்தபோது உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்துவிட்டு என்னிடம் மட்டும் பேச வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். நாங்கள் ஓடினோம், ஆனால் பெண்களுக்குப் போட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள், சர்டிபிகேட் தரவில்லை. அவர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். மார்கரெட் என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரம் என் படம் பெரிதாக வந்தது. இந்தியாவில் இந்தப் பெண்ணின் ஊரில் பெண்களுக்கு ஓட்டமே கிடையாதாம். ஓட அனுமதி கிடைக்காமல் வளர்ந்தாளாம். வாழ்க்கையில் முதன்முதலாக இங்கேதான் ஓடுகிறாளாம். சமையலறையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் அதை வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்து, என்னைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். நான் ஈரக் கையோடு நின்றேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

சுதந்திர தினக் காலையில் எங்களுக்கு நம்பர் துணி தரவில்லை. கொடியசைத்ததும் கடைசி ஆளுக்குப் பின்னால் ஓடத் தொடங்கினோம். ஊர் எல்லை தாண்டி, இரண்டு பக்கமும் கரும்பு நிற்கும் இடத்தில் சங்கத்துச் செயலாளரின் ஜீப் எங்களை மறித்தது. "ஏம்மா, மயக்கம் போட்டு வுழுந்தா யாரு பதில் சொல்றது? ஏறுங்க வண்டியில." ஜோதி ஓட்டத்தை நிறுத்தாமலே சொன்னாள்: "ஆம்பளைங்க வுழுந்தா யாரு பதில் சொல்றாங்களோ, அவங்களே எங்களுக்கும் சொல்லட்டுங்க." ஜீப் எங்களை ஒட்டியே ஊர்ந்து வந்தது, புகையை எங்கள் முகத்தில் விட்டுக்கொண்டு. அவள் இருமினாள், இருமிக்கொண்டே ஓடினாள். வழியில் நம்பர் குத்திய இரண்டு ஆண்கள் புளியமரத்தடியில் படுத்திருந்தார்கள். ஜீப் அவர்களை ஏற்றிக்கொள்ள நின்றபோது நாங்கள் முன்னால் போய்விட்டோம். மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் நுழையும்போது எனக்குக் கண் இருட்டியது. துணிக்கடை பாய் ஒருத்தர் செம்பு நிறையத் தண்ணீரோடு தெருவில் இறங்கி, எங்கள் தலையில் ஊற்றி, "வந்துருச்சும்மா, வந்துருச்சு, அதோ தெரியுது பாருங்க மேடை" என்று எங்களோடு கொஞ்ச தூரம் ஓடிவந்தார். அந்த ஒருத்தருக்காக ஊரை முழுதாகச் சபிக்க என்னால் முடியவில்லை.

மேடைக்குப் போனோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்குக்கூட மாலை விழுந்துகொண்டிருந்தது. மைக்கில், "ஆம்பளைங்க ஓடுறத வேடிக்க பாக்க ரெண்டு பொண்ணுங்க பஸ்ஸுக்குக் காசில்லாம ஓடியே வந்துட்டாங்க, கை தட்டுங்க" என்று அறிவித்தார்கள். கூட்டம் சிரித்தது. ஜோதி படியேறிப் போய்ச் செயலாளரிடம் நேராகக் கேட்டாள்.

"சார், நாங்களும் முடிச்சிட்டோம். சர்டிபிகேட்டு குடுங்க."

"பொண்ணுங்களுக்குப் போட்டி இல்லம்மா. இல்லாத போட்டியில ஓடுனேன்னு எப்புடி எழுதித் தர்றது?"

"போட்டி இல்லன்னா, எதுக்கு சார் ஜீப்ப வுட்டு நிறுத்தப் பாத்தீங்க?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்திலிருந்தவரிடம், "யாரு வூட்டுப் பொண்ணு இது, விசாரி" என்றார். விசாரித்தார்கள். நாங்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. என் அப்பா அடிக்கவில்லை, "ஓடுனது போதும்" என்று மட்டும் சொன்னார். செந்தில் அடித்தான். தெருவில் வைத்து, தன் சட்டையைக் கழற்றச் சொல்லி அடித்தான். போலீஸ் தேர்வுக்குப் போகும் பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. தை பிறந்ததும் ஜோதியை வேப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு மார்கரெட் வீட்டுக்குப் போனேன். தப்பு, நான் ஓடியிருக்கிறேன், திருத்திப் போடச் சொல்லுங்கள் என்று சொல்லத்தான் போனேன். கோபத்துக்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. கடையிலும் பஸ்ஸிலும் கற்றுக்கொண்டது எல்லாமே பணிவான இங்கிலீஷ். "சாரி, பட், ஐ ரேன் பிஃபோர்" என்று ஆரம்பித்தேன். 'முன்னால் ஓடினேன்' என்பதை அவர் 'தப்பித்து ஓடி வந்தேன்' என்று எடுத்துக்கொண்டார். கண் கலங்கி என் கையைப் பிடித்தார். இல்லை இல்லை என்று தலையாட்டினேன். எங்கள் ஊர்த் தலையாட்டல் அவருக்கு ஆமாம் என்று பட்டதோ என்னவோ, "அழகான கட்டுரைதானே, எத்தனை பேருக்குத் தைரியம் கொடுக்கும்" என்று டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். அங்கே நான் ஓடியதை எழுத மறுத்தார்கள். இங்கே நான் ஓடவில்லை என்று அச்சடித்தே விட்டார்கள். முதலாவது வெறுப்பில் செய்தது, இரண்டாவது பிரியத்தில் செய்தது. மார்கரெட் மேல் கோபப்படக்கூட முடியாமல் போனதுதான் என்னை இன்னும் எரிக்கிறது. டென் கே ஓடினேன், பதக்கம் போட்டார்கள். அது இப்போது எந்த அலமாரியில் கிடக்கிறது என்றுகூடத் தெரியாது.

அந்த வருஷக் கடைசியில் ஊருக்குப் போனேன். ஜோதிக்கு ஒரு ஜோடி ஓட்ட ஷூ வாங்கிப் போயிருந்தேன். வேப்பூர் மெயின் ரோட்டில் அவள் கணவர் வைத்திருக்கும் சாப்பாட்டுக் கடையில், லாரிக்காரர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு பெருத்திருந்தது. இருமல் மட்டும் அப்படியே இருந்தது. வேலை ஓய்ந்த நேரத்தில் பத்திரிகை விஷயத்தைச் சொன்னேன். அவளும் என்னைப் போலக் கொதிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"வுடுடி. தெரியாதவன் தப்பா எழுதுறான், எழுதிட்டுப் போறான். தெரிஞ்சே எழுத மாட்டேன்னானே அந்தச் செயலாளரு, அவன் இப்ப இந்தக் கடைக்கு வந்து சாப்புடுறான். 'என்னாம்மா, நல்லா இருக்கியா'ன்னு கேக்குறான். நானும் நல்லா இருக்கேங்கன்னு சொல்லிட்டு எல போடுறேன்."

"எப்புடி ஜோதி முடியுது ஒன்னால?"

"கோவப்படுறதுக்கு ஒனக்கு ஏழு கடல் தாண்டி எடம் இருக்குது. எனக்கு எங்க இருக்குது? அந்தாளு துப்புன எலய எடுத்துட்டுத்தான் அடுத்த எல போடணும்."

நாளைக் காலையில் பழைய சாலையில் என்னோடு ஓட வருகிறாயா என்று கேட்டேன். சிரித்தாள். ஷூவைப் போட்டு எழுந்து நின்று, தரையில் காலைத் தேய்த்துப் பார்த்தாள். "அளவு சரியா இருக்குதுடி. அடுப்பங்கரையில எண்ண சிந்துனா வழுக்காது" என்றாள். அதோடு சோற்றுப் பானையைத் தூக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை நான் மட்டும் மங்கலம்பேட்டைச் சாலையில் ஓடினேன். முழுக்கால் டிராக் சூட், வெள்ளை ஷூ, பின்னிக் கட்டிய தலைமுடி. யாரும் மண்ணாங்கட்டி எறியவில்லை. பஸ்ஸுக்கு நின்ற ஆண்கள் மரியாதையாக ஒதுங்கினார்கள். டீக்கடையில் பேச்சு நின்றது, சிரிப்பு வரவில்லை. இந்த ஊர் மாறிவிட்டதோ என்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துவிட்டது. மொபெட்டில் வந்த ஒருத்தர் வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு, மிகப் பணிவாக, "மேடம், விச் கன்ட்ரி?" என்று கேட்டார்.

"இந்த ஊருதாங்க. ரயில்வே குடியிருப்பு. பாயிண்ட்ஸ்மேன் பொண்ணு" என்றேன்.

அவர் நம்பவில்லை. தமிழைக் கற்று வைத்திருக்கிறேனே என்று பாராட்டுகிற மாதிரிச் சிரித்தார். முன்னால் சாலையை அடைத்துக்கொண்டு ஒரு கரும்பு வண்டி போய்க்கொண்டிருந்தது. மொபெட்டை முறுக்கி அதன் பக்கத்தில் போய், "யோவ், ஓரமா ஓட்டுய்யா, வெளிநாட்டு அம்மா வர்றாங்க" என்று கத்தினார். வண்டிக்காரர் பதறி மாடுகளை இழுத்து மண்ணில் இறக்கினார். நான் பிறந்த ஊரின் சாலை, எனக்காக முழுசாக வழிவிட்டுத் திறந்து கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதன் நடுவில் ஓடினேன்.