தொலையாத சான்றிதழ்

மே மாதம் இருபத்தாறாம் தேதி, திங்கட்கிழமை, முற்பகல் பத்து நாற்பதுக்கு அது தொடங்கியது. நேரம் எனக்குத் துல்லியமாகத் தெரியும். சான்றிதழ்களில் முத்திரை வைக்கும் அரசு அலுவலகத்தில், கவுண்டருக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்ப்பதைத் தவிர, விடுமுறையில் உடன் இழுத்துவரப்பட்ட ஒன்பது வயதுப் பெண்ணுக்கு அங்கே வேறு வேலை இருக்கவில்லை.

அத்தைக்கு மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. பட்டச் சான்றிதழின் பின்பக்கத்தில் அரசு முத்திரை வாங்கி, ஜூன் முடிவதற்குள் அனுப்பினால் விசா வரும். தவறினால் அந்த இடம் பட்டியலில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். எட்டு ஆண்டுகள் இரவுப் பணி பார்த்து அத்தை எட்டிப்பிடித்த இடம் அது.

கவுண்டரில் இருந்த அம்மாள் சான்றிதழை இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, நகத்தால் தட்டினார்.

"லேமினேட் பண்ணியிருக்கீங்களே. சீல எங்க வைக்கிறது, பிளாஸ்டிக் மேலயா?"

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

லேமினேட் செய்தவர் அவர்தான். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வேட்டிப் பிரிவில் நாள் முழுதும் நின்று வேலைபார்த்த அப்பா, வாழ்நாளில் ஒரு துண்டுச்சீட்டைக்கூடத் தொலைத்ததில்லை. கல்லூரிக்குப் போகாத அவர் தமக்குத் தாமே வழங்கிக்கொண்ட பட்டம் அது. ரேஷன் அட்டை, கேஸ் ரசீது, முதல் வகுப்பில் நான் வாங்கிய ரேங்க் கார்டு என்று எங்கள் வீட்டில் எழுத்துள்ள எதுவும் பிளாஸ்டிக்கிற்குத் தப்பவில்லை. அத்தை பட்டம் வாங்கிய நாளில், அவள் தோழிகளோடு படமெடுத்து முடிப்பதற்குள், குடும்பத்தின் முதல் பட்டத்தையும் கொண்டுபோய் லேமினேட் போட்டுவிட்டார்.

"மழையில நனையக் கூடாதேன்னுதானே போட்டேன்" என்றார், வெளியே வந்ததும்.

"அது சர்ட்டிபிகேட்டுண்ணே. ஊறுகாயா, கெட்டுப்போகாம வெச்சிருக்க?"

அங்கிருந்து பாண்டி பஜாருக்கு ஆட்டோ. லேமினேஷன் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "போடத்தான் மேடம் தெரியும். பிரிக்கிறதுக்கு மிஷினே கெடையாது. கல்யாணம் மாதிரின்னு வெச்சுக்கோயேன், ஒட்னா ஒட்னதுதான்." திருமணமாகாத அத்தை அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கோபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் அவள் நன்றி சொல்வாள்.

மந்தைவெளி வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். சூடு காட்டினால் பிரிந்துவிடும் என்பது அவர் கருத்து.

"மொதல்ல வேற எதுலயாவது பண்ணிக் காட்டு" என்றாள் அத்தை.

என் ரேங்க் கார்டு தேர்வுசெய்யப்பட்டது. பிளாஸ்டிக் அழகாகப் பிரிந்து வந்தது. நான் வாங்கிய முதல் ரேங்க்கும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான் அழுதேன். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அத்தை சான்றிதழைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

பிறகு விசா ஏஜெண்டுக்குத் தொலைபேசினாள். பழைய சான்றிதழை ஒப்படைத்துப் புதியது வாங்க ஆறு மாதமாகுமாம். தொலைந்துபோனதென்று போலீஸ் சான்று காட்டினால் மூன்றே வாரமாம். பத்திரமாக வைத்திருப்பவரைக் காட்டிலும் தொலைத்தவருக்கு விரைவாகக் கிடைக்கும் என்ற ஏற்பாட்டை அத்தை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"இருக்கிறத இல்லைன்னு என்னால எழுத முடியாது" என்று போனை வைத்தாள். "வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். "நீ எழுத வேணாம். தொலைச்சது நான்."

மாலை ஐந்து மணிக்குக் காவல் நிலையத்தில் மூவரும் இருந்தோம். தங்கையின் சான்றிதழை நகலெடுக்கக் கொண்டுசென்றபோது தம் கவனக்குறைவால் பேருந்தில் தவறவிட்டதாக அப்பா எழுதினார். கவனக்குறைவு என்ற சொல்லுக்கு முன்னால் பேனா வெகுநேரம் நின்றது. பிழையின்றி எழுத யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மனுவைப் படித்த காவலர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், படிச்ச ஆள் மாதிரி கீற. ஒரு பேப்பர பத்திரமா வெச்சுக்கத் தெரியாதா? தங்கச்சி வாழ்க்கை சார் அது!"

"தப்புதான் சார்."

"உன்னாண்ட போய்க் குடுத்தாங்க பாரு, அவங்கள சொல்லணும்."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "ஆமா சார்" என்றார்.

மனு ஏற்கப்பட்டது. புதிய சான்றிதழ் வந்து, முத்திரையும் விழுந்து, ஜூலையில் அத்தை மஸ்கட் போனாள். அதெல்லாம் பிறகு. அன்றிரவு எனக்குச் சொல்வதற்கு ஒன்று இருந்தது. அதைப் படுக்கையில் சொல் சொல்லாக அடுக்கிவைத்தேன்.

மறுநாள் காலை, கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் போய் நின்றேன். "பொய் சொல்றது தப்புன்னு நீங்கதானே சொன்னீங்க? போலீஸ்கிட்டயே சொல்லிட்டீங்களே."

"ஆமாம்மா, தப்புதான்" என்றார் அப்பா, காவலரிடம் சொன்ன அதே குரலில்.

சமையலறையிலிருந்து வந்த அத்தை என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். என் வாதத்துக்கு இருவரிடமும் விடை இல்லை என்று முடிவுசெய்து, மிகுந்த திருப்தியோடு உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டேன்.