தலைத் தீபாவளிக்காக ஆடிய பேஸ்பால்

பேஸ்பால் ஆட்டத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் எண்பதுகளின் கடைசியில், பாயான் பாரு பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, சாப்பாட்டு நேரத்தில் நான் ஒரு பேஸ்பால் அணிக்கே மேனேஜர். ஊருக்குத் திரும்பிப் போன அமெரிக்க இன்ஜினியர் ஒருவர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் விட்டுவிட்டுப் போன விளையாட்டு அது. திரையில் படம் கிடம் எதுவும் கிடையாது. யார் எங்கே நிற்க வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும், பந்து என்ன ஆயிற்று என்று அது ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதும். அதற்கே மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு வியர்த்துப் போவோம்.

எனக்கு எதிரணி ஜெலுத்தோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஓர் அண்ணன். சிப்புகளைச் சோதித்து அனுப்பும் எங்கள் பிரிவில் அவரும் ஷிப்ட் லீடர், நானும் ஷிப்ட் லீடர். தொழிற்சாலைக்குத் தீபாவளி கிடையாது, எங்களில் ஒருவர் அன்றைக்கு வந்தே ஆக வேண்டும். போன வருடம் அவர் வந்தார். நியாயப்படி இந்த வருடம் என் முறை. ஆனால் அந்த வருடம்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கூலிமில் மாமனார் தலைத் தீபாவளிக்குப் பட்டு வேட்டி எடுத்து, ஆட்டுக்கறிக்கும் சொல்லி வைத்துவிட்டார். மாப்பிள்ளை மட்டும் வர வேண்டியதுதான் பாக்கி.

அன்றைய லீவை எனக்கே விட்டுக்கொடுங்கள் என்று அண்ணனிடம் கெஞ்சினேன். அவர் நிதானமாக மென்று முடித்துவிட்டுச் சொன்னார்.

"சும்மா கேட்டா குடுக்க மாட்டேன் தம்பி. ஆடி ஜெயிச்சா எடுத்துக்க லா."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. என் தற்காப்பு அப்படிப்பட்டது. நல்ல கைக்காரர்களை எங்கே நிறுத்த வேண்டும், எந்த ஆளுக்குப் பந்து போடாமலே நடக்க விட்டுவிட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் யார் பேச்சையும் கேட்டதில்லை. எதிரணிக்காரன் ரன்னுக்கு ஒரே ஓட்டம் பாக்கி என்று மூன்றாவது பேஸில் வந்து நின்றுவிட்டால், அவன் ஓடி வந்து ரன் எடுக்கக் கூடாது என்று உள்வட்டத்து ஆட்கள் நாலு பேரையும் மட்டைக்காரனின் மூக்குக்கு முன்னால் கொண்டு வந்து நிறுத்திவிடுவேன்.

அது தப்பு என்று இன்ஜினியர் போவதற்கு முன்னாலேயே எங்களுக்குச் சொல்லியிருந்தார். கையில் ரன் மிச்சம் இருந்தால் ஆட்களைப் பின்னாலேயே நிறுத்து, அந்த ஒரு ரன்னைக் கொடுத்துவிட்டு ஓர் அவுட்டை வாங்கிக்கொள், கிட்டே வந்து நின்றால் பந்து பக்கத்தில் புகுந்து போய்விடும் என்றார். கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் பழுதான சிப் ஒன்றுகூட வாசலைத் தாண்டக் கூடாது என்று தினமும் ஓதி ஓதி என்னை வளர்த்திருந்தார்கள். ஒன்றைத் தெரிந்தே வெளியே விடு என்றால் கை வருமா? அண்ணனும் அதே வேலைதான் பார்த்தார். ஆனால் அவர் அந்தப் பாடத்தை வேலை மேசையிலேயே வைத்துவிட்டுச் சாப்பிட வருவார்.

ஆட்டத்தன்று பிரிவே எங்களைச் சுற்றி நின்றது. கடைசிச் சுற்று. நான் இரண்டு ரன் முன்னால் இருந்தேன். மட்டை அண்ணனிடம். ஓர் ஆள் அவுட், ஓர் ஆள் மூன்றாவது பேஸில். நான் வழக்கம் போல நாலு பேரையும் முன்னால் இழுத்தேன். அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ண விட்ரு லா. ரெண்டு கையில இருக்குல்ல? பின்னால நிக்க வெய்யி."

தோற்கப் போகிறவர் எனக்கு யோசனை சொல்கிறாராம். ஆசாமி என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார் என்று நினைத்து, நாலு பேரையும் நின்ற இடத்திலேயே வைத்துப் பட்டனைத் தட்டினேன்.

பந்து தரையோடு உருண்டு, என் ஆட்கள் இருவருக்கு நடுவே புகுந்து போனது. மூன்றாவது பேஸ்காரன் ரன் எடுத்துவிட்டான். பரவாயில்லை, இன்னும் ஒரு ரன் முன்னால்தான். ஆனால் பின்னால் நிறுத்தியிருந்தால் அவுட் ஆகியிருக்க வேண்டிய மட்டைக்காரன், ஜம்மென்று முதல் பேஸில் நின்றான். அடுத்து வந்தவன் அடித்த பந்து வேலியைத் தாண்டியது. அடித்தவனுக்கு ஒரு ரன், நான் அவுட்டாக்காமல் விட்டவனுக்கு ஒரு ரன். ஆட்டம் முடிந்தது என்று கம்ப்யூட்டர் ஒரு வரி எழுதியது. அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, நிஜமாகவே வந்தது.

"சொன்னேன்ல," என்றார் அண்ணன். அவர் முகத்தில்கூடச் சந்தோஷம் இல்லை.

சாயங்காலம் மனைவியிடம் நடந்ததை முழுசாகச் சொன்னேன், மூன்றாவது பேஸ் வரைக்கும் விளக்கி. இந்த ஒரு தீபாவளிதானே, விட்டுக்கொடுத்துவிடுவோம், அடுத்த வருடம் ஜோராகக் கொண்டாடலாம் என்றேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"விட வேண்டியத அங்க விடல. விடக் கூடாதத இங்க வந்து விடுறீங்க."

அவள் தனியாகக் கூலிமுக்குப் பஸ் ஏறினாள். தீபாவளியன்று நான் பழுதான சிப் ஒன்றையும் வெளியே விடவில்லை.

அன்று எடுத்த படம் இன்னும் மாமியார் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. புதுப் புடவையில் என் மனைவி, பக்கத்தில் என் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரிய அவள் தம்பி. புதிதாக வருகிற விருந்தாளிகள் அவனைக் காட்டி, மாப்பிள்ளை லட்சணமாக இருக்கிறார் என்பார்கள். நான் அந்தப் படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பேன். மாமியார் இதுவரை ஒருவரையும் திருத்தியதில்லை.