கோட்டோரத்துக் குரல்

என் வீட்டுக்காரர் கூடைப்பந்து ஆட்டத்தில் ஓரமாக நின்றால், அங்கே போட்ட சுண்ணாம்புக் கோடு பாதி ஆட்டத்துக்குள் அழிந்துவிடும். உட்காரவே மாட்டார். கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பார். கைக்குட்டை வாயை விட்டு வந்தால் கத்தப் போகிறார் என்று அர்த்தம். இடைவேளையில் யாராவது சுண்ணாம்பு டப்பாவோடு வந்து கோட்டைத் திரும்பப் போட வேண்டியிருக்கும்.

பாண்டிச்சேரியில் ஒரு கல்லூரியில் அவருக்குப் பயிற்சியாளர் வேலை. நாங்கள் இருந்தது வில்லியனூருக்குப் பக்கத்தில், மாதா கோயிலைச் சுற்றி எழுந்த ஒரு கிராமம். அவருடைய பையன்களும் பெரும்பாலும் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள்தான். ரைட், லெஃப்ட் என்று கத்தினால் அவர்கள் ஒரு கணம் யோசித்தார்களாம். ஏர் ஓட்டும்போது வலப்பக்கத்து மாட்டை 'வலத்த' என்றும் இடப்பக்கத்து மாட்டை 'இடத்த' என்றும் அதட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். இவர் அதையே கத்திப் பார்த்தார். பையன்கள் யோசிக்காமல் திரும்பினார்கள். வெளியூர்க்காரர்கள் 'மாட்டுக்கார மாஸ்டர்' என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அநேகமாகத் தோற்றும் போனார்கள்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை, குரல் மட்டும் திரும்பாது என்றார் டாக்டர். அப்புறம் அவர் பேசியதெல்லாம் வெறும் காற்றுதான். காதை அவர் வாயருகே கொண்டுபோனால்தான் கேட்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் போன பிள்ளை என்ன செய்யும்? கல்லூரி முதல்வர் நல்ல மனுஷர். வேலையை விட்டு எடுக்கவில்லை. வேறொரு பயிற்சியாளரைப் போட்டுக்கொள்ளலாம், நீங்கள் பந்தும் வலையும் வைத்திருக்கும் அறையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இவர் ஒரே ஓர் ஆட்டம் கேட்டார். எங்கள் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் போட்டிக்குக் கல்லூரி அணி வருவதாக இருந்தது. அதை மட்டும் நடத்திப் பார்க்கிறேன், அதற்கப்புறம் உங்கள் இஷ்டம் என்று எழுதிக் காட்டினார். முதல்வரும் சரி என்றார். அன்றைக்கு அவர்தான் தலைமை விருந்தாளி.

நான் அதுவரைக்கும் ஓர் ஆட்டம்கூடப் பார்த்தவள் இல்லை. அன்றைக்குப் போனதும் பிளாஸ்கில் வெந்நீர் கொடுப்பதற்குத்தான். எதிரணி கடலூர்க்காரர்கள். ஆட்டம் தொடங்கியது. இவர் கையைத் தட்டினார். சுற்றி நின்ற ஊரே கையைத் தட்டிக்கொண்டிருந்தது. துண்டை எடுத்து வீசினார். பாவம் பையன்கள், மாஸ்டர் என்ன சொல்கிறாரோ என்று துண்டையே பார்த்துக்கொண்டு ஓடினார்கள். அப்படிப் பார்த்த ஒருவன் முதுகில் பந்து வந்து விழுந்தது. ஊர் சிரித்தது. முதல்வர் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இவர் திரும்பி என் தோளைப் பிடித்து இழுத்தார். என் காதில், "அந்த நெட்டையன வலத்தால போகச் சொல்லு" என்றார்.

நான் குருவிநத்தத்தில் பிறந்தவள். ஆற்றங்கரைக் கழனியில் நின்று அக்கரையில் இருக்கும் ஆளைக் கூப்பிட்டு வளர்ந்த குரல். கல்யாணமாகி வந்த வாரமே மாமியார் அதற்கு ஒரு மூடி போட்டார்கள். பொம்பளை குரல் தெருவைத் தாண்டக் கூடாதாம். இவரும் கூடவே தலையாட்டினார். அன்றைக்கு அந்த மூடி எங்கே போனதென்று தெரியவில்லை. "வலத்த!" என்று கத்தினேன். நெட்டையன் யோசிக்காமல் வலப்பக்கம் வெட்டி ஓடினான். பந்து கூடைக்குள் விழுந்தது.

அப்புறம் அவர் சொல்லச் சொல்ல நான் கத்தினேன். அவர் நடந்தால் நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். என் புருஷன் இவ்வளவு திட்டுவார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "தூங்குறியாடா கழுத" என்பார். நான் "தம்பி, கொஞ்சம் வேகமா போப்பா" என்பேன். பாதியை விழுங்குகிறேன் என்று கண்டுபிடித்து முழங்கையால் இடித்தார். பையன்களுக்குத் தங்கள் மாஸ்டர் எப்போது இப்படி மரியாதைக்காரர் ஆனார் என்று ஒரே திகைப்பு. ஆனால் ஆடினார்கள்.

கடலூர் அணியின் பயிற்சியாளர் நடுவரிடம் போய் முறையிட்டார். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். நேராக என்னிடம் வந்தார். டவுன்காரர், கண்டிப்பானவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

"பயிற்சியாளர் ஒருத்தர்தான் பேசலாம். நீங்க யாரும்மா?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த நிமிஷம் எல்லா வாயும் மூடித்தான் இருந்தது. கூட்டத்தில் மாமியார் நிற்பது தெரிந்தது. நான் ஓடிப்போய்விடலாம் என்று திரும்பினேன். இவர் என் கையை விடவில்லை. குனிந்து என் காதில் சொன்னார்.

"எங் கொரலு இவதான்னு சொல்லு."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் 'சாப்பிட்டியா' என்பதைத் தாண்டி ஆசையாக ஒரு வார்த்தை பேசாத மனுஷர். சொல்லவந்த நேரத்தைப் பாருங்கள். அதையும் நானே ஊர் முன்னால் கத்திச் சொல்ல வேண்டும்.

"நீங்களே சொல்லுங்க," என்றேன்.

சொன்ன பிறகுதான் யாரிடம் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. இவர் சத்தமே இல்லாமல், தோள் குலுங்கச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நடுவரைப் பார்த்தேன்.

"இவரு கொரலு நான்தான் சார். நானா எதுவும் பேசல. அவரு சொல்றதத்தான் சொல்றேன்."

நடுவர் இவருடைய கழுத்துத் தழும்பைப் பார்த்தார். விசிலைக் கையில் வைத்து உருட்டினார். "ரெண்டு பேரும் சேர்ந்தே நில்லுங்க. கோட்டத் தாண்டக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போய் ஆட்டத்தைத் தொடங்கினார்.

கடைசியில் தோற்றுத்தான் போனோம், ஒரே ஒரு கூடை வித்தியாசத்தில். பையன்கள் தலையைத் தொங்கப் போட்டு நின்றார்கள். முதல்வர் எழுந்து எங்களிடம் வந்தார். இவர் நிமிர்ந்து நின்றார். சாமான் அறைச் சாவியைக் கொடுக்கத்தான் வருகிறார் என்று நானும் நினைத்தேன். அவர் இவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு என்னிடம் பேசினார்.

"அடுத்த ஆட்டம் விழுப்புரத்துலம்மா. வண்டியில ஒங்களுக்கும் ஒரு எடம் வெக்கச் சொல்றேன்."

அவர் போன பிறகு இவர் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோலக் கீழே குனிந்தார். கயிறு கட்டியபடியேதான் இருந்தது. முதுகு விம்மியது. கத்தி வைத்தபோதுகூட அழாதவர். ஊர்க்காரர் யாரும் பார்க்கக் கூடாதென்று நான் அவருக்கு முன்னால் புடவையை விரித்துக்கொண்டு நின்றேன். பையன்கள் பக்கத்தில் வரப் பார்த்தார்கள்.

"இங்க இன்னாடா வேடிக்க? போயி பந்தப் பொறுக்குங்கடா," என்று கத்தினேன்.