கார்லிஸின் முப்பது அங்குலம்

என் நாத்தனார் கார்லிஸைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், தங்கமான பெண் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன்.

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஐம்பத்திரண்டு வயது. இரண்டு கல்யாணம், இரண்டும் நிலைக்கவில்லை. இரண்டாமவன் போகும்போது படகையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போனான். "போனா போவுது அண்ணி, கரையில நின்னு மீன் புடிச்சா போச்சு" என்று சிரித்தாள். எனக்கென்றால் ஒரு வருஷம் அழுதே தீர்ந்திருக்கும்.

ஆகஸ்ட் முடிந்து சால்மன் மீன்கள் சிவந்துபோய் எங்கள் ஊர் கெனாய் ஆற்றில் ஏறி, சரளையில் குழி பறித்து முட்டையிடத் தொடங்கினால் பாதி ஊர் வேலைக்கு மட்டம் போடும். சால்மனுக்காக இல்லை. சால்மனின் வாலுக்குப் பின்னால் நின்று, குழியிலிருந்து உருண்டு வரும் முட்டைகளைத் தின்று கொழுக்கிற டிரவுட் மீனுக்காக. முட்டை அளவில் ஒரு பாசிமணியைத் தூண்டிலில் கோத்து ஓட்டத்தோடு விடுவோம். மணியின் நிறம் இம்மி பிசகினாலும் டிரவுட் திரும்பிப் பார்க்காது. அந்த நிறம் நகப்பூச்சில்தான் வரும். கார்லிஸ் வீட்டில் நகப்பூச்சு நாற்பது பாட்டில் இருக்கிறது. ஒருநாளும் தன் நகத்தில் ஒரு சொட்டு வைத்ததில்லை. சாப்பாட்டு மேஜையில் தட்டில் நிஜ முட்டையை வைத்துக்கொண்டு, மணிக்கு மேல் மணியாகப் பூசிப் பார்ப்பாள். செய்ததைக் கேட்கிறவனுக்கெல்லாம் கொடுத்துவிடுவாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒளித்து வைத்தாலாவது திட்டலாம்.

என் வீட்டுக்காரர் டுவேன் வாயைத் திறந்தால் தங்கை புராணம்தான். "என் தங்கச்சி தண்ணியில கைய வெச்சா மீனு வரிசையில வந்து நிக்கும்" என்பார். முப்பது வருஷமாக இந்த மனுஷனுக்கு ஆக்கிப் போடுகிறேன், என் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை இப்படி வந்ததுண்டா?

ஆனால் அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. ஹால்வரின் தூண்டில் கடைச் சுவரில் ஒரு பலகை உண்டு. முப்பது அங்குலமோ அதற்கு மேலோ டிரவுட் பிடித்தவர்களின் பெயர் அதில் ஏறும். பெரிய மீனை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பதால், கூட இருந்தவர் நாடா பிடித்து அளந்து சொல்வதுதான் சாட்சி. புகைப்படத்தை ஹால்வர் நம்ப மாட்டார். கேமரா பக்கம் கையை நீட்டிப் பிடித்தால் மத்தி கூடத் திமிங்கிலம் என்பார். பதினோரு வருஷத்துக்கு முன்னால், சரியாக முப்பதுக்கு என் பெயர் ஏறியது. நாடா பிடித்தவள் கார்லிஸ். அவளோ நூற்றுக்கணக்கில் பிடித்தும் இருபத்தொன்பதைத் தாண்டியதில்லை. அந்தப் பலகை முன்னால் காப்பி குடிக்கும்போது மட்டும் எனக்குக் காப்பி இனிக்கும்.

போன செப்டம்பர் கடைசியில் இருவரும் ஆற்றுக்குப் போனோம். கரையெல்லாம் முட்டையிட்டுச் செத்த சால்மன் நாற்றம். கார்லிஸ் ஒரு மணியை நீட்டினாள். வெளுத்துப்போய்ப் பால் கலந்தாற்போல் இருந்தது.

"இதக் கட்டுங்க அண்ணி. ஆத்துல இப்ப செத்த முட்டைதான் உருளுது."

"எங்கிட்டயும் மணி இருக்குடி" என்றேன். என்னுடையது பளிச்சென்ற ஆரஞ்சு, அன்று இட்ட முட்டையின் நிறம். பத்து நாள் முன்னால் என்றால் சரி. அவள் சொன்னது நியாயம் என்று தெரிந்தேதான் கட்டினேன். வீம்பு யாரை விட்டது? இரண்டு மணி நேரம் ஒரு மீன்கூடத் தொடவில்லை.

அப்போது அவளுடைய தூண்டில் கோல் வளைந்தது. கால் மணி நேரம் அந்த டிரவுட் அவளை ஆற்றோரமாக இழுத்தடித்தது. நான் வலையைப் பிடித்தேன். அவள் முட்டியளவு தண்ணீரில் மண்டியிட்டு இரண்டு கையாலும் மீனைத் தாங்கிக்கொண்டாள்.

"அளங்க அண்ணி, சீக்கிரம். கண்ணாடி வண்டியில கெடக்கு, எனக்கு நம்பர் தெரியல."

நாடாவை வைத்தேன். முப்பத்திரண்டு. பலகையில் இருக்கிற எல்லாருக்கும் மேலே.

"எவ்ளோ அண்ணி? சொல்லுங்களேன்!"

"இருவத்தொம்போதே முக்கால்" என்றேன். நாக்கு அதுவாகவே சொல்லிற்று என்று பொய் சொல்ல மாட்டேன். நான்தான் சொன்னேன்.

கார்லிஸ் மீனை ஓட்டத்தின் பக்கம் திருப்பி விட்டாள். அது வாலை ஒருமுறை அடித்துவிட்டுப் போயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. முகம் சுண்டிப்போய்விட்டது. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை, அன்று பார்த்தேன். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கால் அங்குலம்தானே அண்ணி. முப்பதுன்னு சொல்லிடுங்களேன். அன்னிக்கு உங்களுக்கு நான் சொல்லலையா?"

"என்னத்தடி சொன்ன?"

"உங்களுதும் இருவத்தொம்போதே முக்கால்தான். நீங்க ஆசையா பாத்தீங்க, மனசு கேக்கல. முப்பதுன்னுட்டேன். யாருகிட்டயும் மூச்சு விடல, அண்ணங்கிட்ட கூட."

பதினோரு வருஷமாக அவள் போட்ட பிச்சையில் நான் காப்பி குடித்திருக்கிறேன். குளிரில் நடுங்கிக்கொண்டு அவள் என் வாயையே பார்த்தாள்.

"சரி, எழுந்திரு. சொல்றேன்" என்றேன்.

கடையில் ஹால்வர் பேனாவை எடுத்துக்கொண்டு, "சாட்சி நீதானே பெர்னடீன்? எவ்வளவு?" என்றார். முப்பத்திரண்டு என்று சொல்ல வாய் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் கார்லிஸ் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்காக நான் பொய் சொல்லப் போகிறேன், தடுமாறிவிடக் கூடாதே என்று பிடித்தாள். முப்பத்திரண்டு என்று சொன்னால், இருபத்தொன்பதே முக்கால் எங்கிருந்து வந்தது என்று கேட்பாளே!

"முப்பது" என்றேன்.

ஹால்வர் கைகுலுக்கினார். கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். கார்லிஸ் என்னைக் கட்டிக்கொண்டு, "உங்க மனசு யாருக்கு அண்ணி வரும்?" என்று காதில் முணுமுணுத்தாள். தன் பெயரை எழுதுவதைப் பார்த்துக் குழந்தை மாதிரி குதித்தாள்.

என் பெயர் ஏறிய அன்றைக்குக்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இரண்டு அங்குலத்தைத் திருடியது நான், அப்படியும் வயிறு எரிந்தது எனக்குத்தான்.