வாசிக்காமல் விட்ட பத்தி

சர்வேயரின் கையெழுத்து அவர் வரைகிற நிலப்படம் மாதிரியே இருக்கும். ஒரு வரி ஏறாது, ஒரு வரி இறங்காது. அந்தக் கையெழுத்தில் நான்கு பக்கங்களை உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் என் கண் வாயை முந்திக்கொண்டு அடுத்த பத்திக்கு ஓடி, அங்கேயே நின்றுவிட்டது. எதிரே இருபது பேர். கடைசி வரிசையில் சர்வேயர். சமையலறை வாசலில் காப்பித் தட்டோடு என் அம்மா. நான் இருமினேன், தண்ணீர் குடித்தேன், அந்தப் பத்தியை அப்படியே தாண்டி அடுத்ததை வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவன் செய்கிற வேலையா அது?

கோச்சடையில் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் வாசகர் வட்டம் கூடும். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அந்த மாதத்து நூலைப் பற்றி எழுதியவர் தன் கருத்தைத் தானே வாசிக்கக் கூடாது. சீட்டுப் போட்டு, யார் பெயர் வருகிறதோ அவர் வாசிக்க வேண்டும். எழுதியது யார் என்று கடைசியில்தான் சொல்வோம். ஆளைப் பார்த்துக் கைதட்டக் கூடாது என்று அந்த விதியைப் போட்டவனே நான்தான். அந்த மாதம் அயர்லாந்துப் பஞ்சத்தைப் பற்றிய ஒரு வரலாற்று நாவலின் தமிழாக்கம். வயலில் உருளைக்கிழங்கு அழுகிப்போகிறது. குத்தகை கட்ட முடியாத குடும்பங்களைப் பண்ணைக் காரியக்காரன் வெளியே தள்ளிக் கூரையைப் பிரிக்கிறான். பண்ணையாரின் மனைவி மட்டும் மனம் பொறுக்காமல் கோட்டை வாசலில் கூழ் ஊற்றுகிறாள். அவளை நினைத்து அழாதவர் வட்டத்தில் இல்லை. நானும் அழுதேன், பொய் சொல்வானேன்.

அவனியாபுரத்திலிருந்து இரண்டு ஷேர் ஆட்டோ மாறி வருகிற சர்வேயர் மட்டும் அழவில்லை. அவர் எழுதியதன் முதல் பத்தியே கிண்டல்தான். காரியக்காரன் கொட்டுகிற மழையில், ஒரே காலையில் முப்பது ஏக்கரை அளந்து முடித்தான் என்று நாவலாசிரியர் எழுதுகிறாரே, அவர் அளவுச் சங்கிலியைக் கையால் தொட்டதுண்டா, எனக்கு வெயிலிலேயே மூன்று நாள் ஆகும் என்று எழுதியிருந்தார். கூடமே சிரித்தது. பிறகு விஷயத்துக்கு வந்தார். கூழ் ஊற்றுகிறவள் என்ன நினைத்தாள் என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. வாங்கிக் குடித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று ஒரு வரி இல்லை. வரிசையில் நின்றவர்களுக்குப் பசியை மட்டும் கொடுத்துவிட்டு வாயைக் கொடுக்காமல் விட்டுவிட்டார் ஆசிரியர் என்பது அவர் கருத்து. அதற்கு அடுத்ததுதான் நான் தாண்டிய பத்தி.

அதில் அவருடைய அம்மா இருந்தார். சோழவந்தானில் ஒரு வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டுக்கு, வேலை இல்லாத மாதங்களில், பின்பக்க மாட்டுக்கொட்டத்து வழியாக வந்து முந்தானையை ஏந்திச் சோறு வாங்கிப் போவார். சோறு போட்ட அந்த வீட்டம்மா நல்லவர், ஒரு நாளும் ஒரு சுடுசொல் சொன்னதில்லை என்றும் எழுதியிருந்தார். ஆனால் அவர் அம்மா நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்ததே கிடையாது. ஏன் என்று கேட்டதற்கு, “நிமிந்து பாத்தா கும்புடணும். கும்புட்டா நாளைக்கும் வரணும். இன்னைக்கோட சரின்னு நெனச்சுத்தான்டா ஒவ்வொரு நாளும் போனேன்” என்று சொன்னாராம். அது எங்கள் வீடு, கோச்சடைக்கு வருமுன் நாங்கள் இருந்தது. சோறு போட்டது என் அம்மா. இது சர்வேயருக்குத் தெரியும். தெரிந்துதான் பெயர் எழுதாமல் விட்டிருந்தார். அந்த மனுஷன் காட்டிய மரியாதையில் கால்வாசிகூட நான் காட்டவில்லை. அம்மா மனம் நோகுமே என்றுதான் விட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மாவாவது ஆட்டுக்குட்டியாவது. இருபது பேர் முன்னால் என் வீட்டு மாட்டுக்கொட்டம் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்தபோது சர்வேயர் கிட்டே வந்தார். “பேப்பரக் குடுங்கண்ணே.” கொடுத்தேன். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கோபம் இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரித்த முகமாகவே சொன்னார். “புத்தகம் எழுதுனவரும் இப்புடி ஒரு எடத்துல இருமியிருப்பாருண்ணே. வாரேன்.” வாரேன் என்று போனவர் வட்டத்துக்கு மறுபடி வரவேயில்லை. கூப்பிட்டால் அளவை வேலை இருக்கிறது என்பார். எனக்கும் வற்புறுத்த வாய் வரவில்லை.

அன்றைக்கே அம்மா டம்ளர்களைக் கழுவிக்கொண்டு கேட்டார். “சர்வேயர் தம்பி நம்ம சோழவந்தான் காலனிதானாமே? காப்பி குடுக்கையில சொல்லுச்சு. அது ஆத்தாள எனக்குத் தெரியும்டா. எம்புட்டு நாள் சோறு வாங்கிட்டுப் போயிருக்கா. ஒருநா கூட என் மூஞ்சியப் பாத்ததில்ல. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நீ நடுவுல முழிச்சுக்கிட்டு நின்னியே, அந்த எடத்துல இதப் பத்தி எதும் எழுதியிருக்கா?” குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அம்மாவுக்கு வேண்டிய பதில் வார்த்தைக்கு வார்த்தை எனக்கு மனப்பாடம். “அப்படி ஒண்ணும் இல்லம்மா” என்றேன்.

போன வருஷம் அம்மா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு சர்வேயர் துக்கம் கேட்க வந்தார். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. அம்மா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். இனியும் மறைத்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. அன்றைக்குக் குழாயடியில் அம்மா கேட்டதையும், நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“கேட்டாங்களாண்ணே? அவங்களேவா கேட்டாங்க?”

தலையாட்டினேன். சர்வேயர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“எங்காத்தா அப்ப உசுரோட இருந்துச்சேண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கூட்டியாந்து இதே கூடத்துல உக்கார வச்சிருப்பேனே.”